நழுவாத புல்லி

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிஞ்ச நேரம். பட்டப்பகல்தான்... ஆனா நற்பிட்டிமுனைக்குப் பின்னால வயலுக்குப் போற ரோட்ட அந்த நேரத்துல பாத்திருக்கீங்களா? கடையெல்லாம் பூட்டு. ஆம்பிளையள் முழுக்கப் பள்ளிக்குள்ள. ராவுலயாச்சும் நாய் குரைக்கும். அப்ப அதுவும் இல்ல.

அந்த ரோட்டாலதான் றஸ்மி மோட்டச்சைக்கிள்ள போனவன். நம்மட முஸ்தாக்குட மச்சினன், பாலமுனை ஆள். நெல்லு மில்லு மிசின் திருத்துறதுதான் தொழில். பேயெண்டு ஆரும் கதைச்சா எழும்பிப் போயிருவான்... அப்படிப்பட்டவனுக்கு நடந்தது இது. கிட்ட வாங்க. சிரிச்சா நிப்பாட்டிருவன்.

மில் வயலுக்கு நடுவுல தனியா நிக்கிது. அறுவடை முடிஞ்ச கையோட மழை. சனத்துர நெல்லு மூட்டை மூட்டையா ஈரத்துல கிடக்கு, புளிச்ச மணம் அடிக்கத் தொடங்கிட்டு. மிசின் ஓடினா புல்லி, அதான் பெல்ட்டு ஓடுற சக்கரம், அது மட்டும் சாப்ட்டு எண்ட இரும்புத் தண்டு மேல வழுக்கிட்டே இருக்கு. சாப்ட்டு சுத்துது, புல்லி நிக்கிது. எத்தினையோ பேர் வந்து இறுக்கிட்டுப் போயும் அதே கதைதான்.

முதலாளி அச்சிமுகம்மது ஹாஜியார் தொப்பியப் போட்டுக்கிட்டு வாசல்ல நிண்டாரு.

"தொழுதிட்டு வந்து செய்யலாமே மனே. சுஜிந்தனும் சாப்பிட வீட்ட போயிட்டான், உதவிக்கு ஆளில்ல."

சுஜிந்தன்தான் அங்க மிசின் ஓட்டுறவன்.

"நீங்க போங்க ஹாஜியார். சின்ன வேலைதான். முடிச்சிட்டுப் பின் சஃப்பு வரிசைக்காச்சும் ஓடி வாறன்."

ஹாஜியார் போயிட்டாரு. றஸ்மி மெயின் சுவிட்ச அணைச்சான். பியூசையும் கழட்டிப் பொக்கட்டுக்குள்ள போட்டான். பெல்ட்டையும் இழுத்துக் கழட்டி விட்டான். இனி அந்தச் சாப்ட்ட உருட்ட எதுவும் இல்ல... விளங்குதா?

சாப்ட்டு கிடக்கிறது நிலத்துக்குக் கீழ, ஒரு குழிக்குள்ள. இரும்பு ஏணியால இறங்கோணும். உள்ள கிறீசும் உக்கின தவிடும் கலந்த மணம். புல்லி சுவரோட ஒட்டி நிக்கிது. அதுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சாண் இராது. இவன் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சீமெந்துச் சுவர்.

புல்லி வழுக்காம இருக்கிறதுக்கு ஒரு வழிதான். சாப்ட்டுலயும் புல்லித் துவாரத்துலயும் நேருக்கு நேர் காடி வெட்டியிருக்கும். ரெண்டு காடியும் சேருற இடத்துல ஒரு இரும்புத் துண்ட இறுக்கி அடிக்கிறது. அதுக்குக் கீ எண்டு சொல்ற. அதுக்கு மேல ஸ்குரூவப் போட்டு முறுக்கினா, சாப்ட்டு முறிஞ்சாலும் புல்லி அசையாது. றஸ்மி புதுக் கீ ஒண்டு கொண்டு போனான், ஒரு முனை ஆணித் தலை மாதிரிக் கொண்டை வச்சது. அரத்தால ராவி, காடிக்குள்ள வச்சு அடிக்கத் தொடங்கினான்.

ஒவ்வொரு அடிக்கும் சாப்ட்டு உருண்டு உருண்டு போகுது. தனி ஆளா எப்படி அடிக்கிற? மூணாவது தடவையும் அடிச்சான்... சாப்ட்டு நிண்டுட்டு. ஆரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி.

"சுஜியா?"

மேல பாத்தான், ஆரும் இல்ல. சரி, நல்லதுக்குத்தான் எண்டு மிச்சத்தையும் அடிச்சு ஸ்குரூவையும் முறுக்கிட்டான். கீயிட நுனி அந்தப் பக்கம் வந்திட்டா எண்டு தடவிப் பாக்கோணும். புல்லிச் சக்கரத்துக் கம்பிக்கு நடுவால வலக்கையை முழங்கைக்கு மேல வரைக்கும் உள்ள விட்டான்.

சாப்ட்டு உருண்டிச்சு.

மெதுவா... சத்தமே இல்லாம. கால் வட்டம்தான். கம்பி வந்து அவன்ட கையை, சாப்ட்டத் தாங்குற இரும்போட சேத்து அமத்திட்டு. எலும்பு உடையல்ல. ஆனா எடுக்கேலாது.

இழுத்தான். இன்னும் கொஞ்சம் இறுகிச்சு. கத்தினான். பள்ளி ஸ்பீக்கர்ல குத்பாப் பிரசங்கம் ஓடுது, தூரத்துல, சொல்லு விளங்காம சத்தம் மட்டும். ஊரே அங்க இரிக்கி. ஆருக்குக் கேக்கும்? ஃபோன் மேல, கழட்டி வச்ச சட்டையோட மோட்டச்சைக்கிள் பைக்குள்ள. காவலுக்கு ஓதுற குர்ஆன் வசனம், ஆயத்துல் குர்ஸிய ஓதத் தொடங்கினான். சின்ன வயசுல இருந்து ஓதுறது... பாதியில மறந்து போச்சு. திரும்ப ஓதினான். அதே இடத்துல திரும்பவும் மறந்து போச்சு.

புல்லி ஒரு விரக்கடை வழுக்கினாப் போதும், கை வந்திரும். ஆனா வழுக்காம இறுக்கினவன் அவன்தானே. அவ்வளவு நாளும் வழுக்கின புல்லி... அண்டைக்கு மலை மாதிரி நிக்கிது.

அப்பதான் அந்தப் பக்கம் அவன்ட விரல்ல என்னமோ பட்டிச்சு.

எலி எண்டு நினைச்சான். எலி இல்ல. விரலுகள். சுவரோரமா, தடவித் தடவி வந்து... அவன்ட உள்ளங்கையப் பிடிச்சிட்டு. குளிர்ந்த கையெண்டா கூட மனசு ஆறியிருப்பானாம். அது சூடு. வேர்வை. பிடிச்ச பிடி பயங்காட்டுற பிடி இல்ல. தண்ணிக்குள்ள தாழுறவன் பிடிப்பானே, அப்படி.

றஸ்மி மூச்சு விடல்ல. இடக்கையால நிலத்தத் தடவினான். ஸ்பானர் அம்பிட்டிச்சு. ஸ்குரூவக் கழட்டினான். உளிய, கீயிட கொண்டைக்கும் புல்லிக்கும் இடையில செருகிச் சுத்தியலால அடிச்சான். இடக்கை அடி, பாதி அவன்ட முட்டியிலதான் பட்டிச்சு. ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கை பிடியைக் கூட்டுது. அவசரப்படுத்துதா, வேணாமெண்டு தடுக்குதா எண்டு அவனுக்கு இண்டைக்கும் தெரியாது.

கீ கழண்டு இடக்கைக்குள்ள வந்திச்சு. புல்லி லேசா ஆடிச்சு, கம்பி விலகிச்சு. கையை இழுத்தான். அந்தக் கை விடல்ல. புல்லியில காலை ஊண்டி உதைச்சு இழுத்தான்... நகம் கீறிக்கிட்டு விட்டிச்சு. பிறகு ஏணி. ஏறக்குள்ள கீழ இருந்து ஒரு சத்தம். இரும்புல தட்டுற சத்தம். மெல்ல.

ஹாஜியாரும் சுஜிந்தனும் வந்து பாக்கக்குள்ள அவன் வாசல் வெயில்ல குந்தியிருந்து வலக்கைக் கீறலையே பாத்துக்கிட்டு இருக்கான்.

"அந்தச் சுவருக்கு அங்கால என்ன இரிக்கி ஹாஜியார்?"

"என்ன இரிக்கும்? மண்ணுதான். என்ன மனே உனக்கு?"

சுஜிந்தன் டோர்ச்ச எடுத்துக்கிட்டு இறங்கினான். ஹாஜியாரும் றஸ்மியும் குழி வாயில நிண்டாங்க. டோர்ச் வெளிச்சம் குழிச் சுவருல அலைஞ்சிச்சு.

"றஸ்மி காக்கா, வேலை முடிஞ்சிட்டே. ஸ்குரூ நல்ல இறுக்கம். கீயும் கொண்டை வரைக்கும் உள்ள போயிரிக்கி."

றஸ்மி இடக்கையை விரிச்சுப் பாத்தான். அவன் கழட்டின கீ உள்ளங்கையிலதான் இருந்திச்சு.

"ஆனா உங்கட சட்டை அம்பிட்டுக் கிழிஞ்சிரிக்கி," எண்டான் சுஜிந்தன் கீழ இருந்து. "கை மட்டும் கம்பிக்குள்ள கிடக்கு. முழுக்கை, வெள்ளை... மணிக்கட்டுல பொத்தானும் பூட்டினபடி. இன்னும் சூடா இரிக்கி."

ஹாஜியார் திரும்பி றஸ்மியப் பாத்தாரு.

அவன் போட்டிருந்தது கையில்லாத பெனியன்.