பக்கத்து வீட்டு மெமராங்

இல்ல சாமி, அந்த நாற்காலி வேணாம். இப்படி இந்தக் கட்டில்ல உக்காருங்க. அதுல ஒரே முடியா ஒட்டியிருக்கும், உங்க வெள்ளை அங்கியில பட்டா லேசுல போகாது. பக்கத்து வீட்டு மெமராங் வந்து உக்கார்ற எடம் அது. நான் எங்க கூப்பிட்டேன்? அதுவா வரும், உக்காரும், ஒரு மணி நேரம் என்னையே பாக்கும், எந்திரிச்சுப் போயிடும். பசியாறிட்டுத்தான் வந்தீங்களா? சரி, ஒரு வாய் கோப்பியாச்சும் குடிங்க.

மனுவ அப்படி மேசையில வைங்க. கையெழுத்துப் போடாம நான் எங்க ஓடிடப் போறேன், எழுதினவளே நான்தானே. எத்தனை பேரு போட்டிருக்காங்க? எரநூத்திப் பன்னெண்டா. அலமாக். அப்ப இந்த லயத்துல வரிசையா இருக்கற வீடு அத்தனையும் போட்டிருக்கு. கடைசியில நான் இன்னொரு தரம் போடணும், நீங்க சாட்சி போடணும், நாளைக்கி நகர மன்றத்துல குடுத்தா ஒரு வாரத்துல இந்த மெமராங்குங்க அத்தனையையும் அடித்தட்டுல மாட்டுப் பட்டிக்கி எறக்கிடுவாங்க. ஆபீசுல கணக்கு எழுதுற சபாபதி கிராணி சொன்னாரு. தெரியும் சாமி. போடுறேன், இருங்க, கோப்பி ஆறட்டும்.

நீங்க பூமியிலேருந்து மேல வந்து ஒரு மாசம்தானே ஆவுது. தம்போய் கோயில்ல இருந்தீங்களாம். அங்க உக்காந்து பாத்தா இதெல்லாம் புரியாது. எங்க பாட்டன் பூட்டனெல்லாம் கீழ செடெனாக்ல கித்தா மரம் சீவி ரப்பர் பாலு எடுத்தவங்க. நாங்க இங்க வந்து, அந்தரத்துல தொங்குற ஊர்ல, காத்துத் தோட்டத்துல, ஊரு மூச்சு விட மரம் பாக்குறோம். லயத்துக்கும் செடெனாக்னே பேரு வெச்சிட்டாங்க. காலையில பெரட்டு, பேரு கூப்பிடுவாங்க, வரிசையில நிப்போம். ரெண்டாயிரத்து நூத்தி முப்பத்தொண்ணுல இந்த மெமராங்குங்க கப்பலு எங்கேருந்தோ வந்து ஒட்டிக்கிச்சு. வேற எங்கயும் போக்கெடம் இல்லன்னு மன்றம் பாவம் பாத்து எங்க லயத்துலயே வீடு குடுத்துச்சு. பெர்மாஸ் ஜெயா தட்டுல துரைமாருங்க பக்கத்துல குடுக்க வேண்டியதுதானே? குடுக்க மாட்டாங்களே.

மெமராங்னா மலாய்ல நீர்நாய். பாத்தா அப்படியேதான் இருக்கும், கன்னுக்குட்டி ஒசரத்துக்கு. மீசை, வாலு, ஒடம்பு பூரா முடி. வேலைன்னா ரெண்டு கால்ல நிக்கும், அவசரம்னா நாலு கால்ல ஓடும். பேசும் சாமி, நம்ம தமிழே பேசும், ஆனா சீட்டி அடிக்கிற மாதிரி. இந்த வீட்டுப் பக்கத்துல இருக்கறதுக்கு புஷ்பவள்ளின்னு பேரு. சபாபதி வெச்சது. அதோட சொந்தப் பேரு வாயில நுழையலயாம், செத்துப்போன அவரு அத்தை பேர எடுத்துக் குடுத்துட்டாரு. அதுவும் கூப்பிட்டா திரும்பிப் பாக்குது. சிரிக்காதீங்க சாமி.

நான் ஏன் மனு எழுதினேன்னு கேளுங்க. மொத விசயம், சொவரு. தெனமும் வேலை முடிஞ்சி வந்து நான் ஜெபமாலை சொல்ல உக்காந்தா, அந்தப் பக்கம் ஒரு சத்தம், சரக் சரக்னு. என்னடான்னு ஒரு நாளு துணி விழுந்துட்ட மாதிரி வெளிய போயி அது வீட்டு ஜன்னல்ல பாத்தேன். கன்னத்த சொவத்துல வெச்சி, கண்ண மூடிக்கிட்டு நிக்கிது. மீசை ஆடுது. எதுக்கு? நம்ம ஜெபம் அதுக்கு எதுக்கு? அன்னைலேருந்து வாய்க்குள்ளயே சொல்றேன்.

ரெண்டாவது, மோப்பம். நான் முழுகாம இருந்தது என் வீட்டுக்காரரு செபஸ்தியனுக்கே தெரியாது. நானே இன்னும் நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன். பெரட்டுல நிக்கிறப்ப இது வந்து என் முன்னால நின்னு, மூக்கத் தூக்கி ஒரு இழுப்பு. அப்புறம் என் தோள்லேருந்த மருந்தடிக்கிற தொட்டிய எடுத்து அது தோள்ல போட்டுக்கிச்சு. அத்தனை பேரு பாக்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. என் வயித்துக்குள்ள இருக்கறது அதுக்கு எப்படித் தெரியலாம், சொல்லுங்க.

மறுநாள்லேருந்து காலையில வாசல்ல ஒரு மீனு. அதுங்க தொட்டியில வளக்கறது. கழுவி, செதிலு எடுத்து, எலையில வெச்சி. நான் ஒரு மாசம் குப்பைக் குழாயில போட்டேன். வெசம் வெச்சிருந்தா? அப்புறம் ஒரு நாளு நான் தூங்கிட்டேன், செபஸ்தியன் எடுத்து கொழம்பு வெச்சி சட்டி காலி பண்ணிட்டாரு. ராத்திரி பூரா அவரு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். காலையில எந்திரிச்சி, இன்னைக்கும் மீனு வந்துச்சான்னு கேக்குறாரு.

எதிர் வீட்டு காளியம்மா பூனையா? ஆமா, மனுவுல அதுவும் எழுதினேன். தின்னுட்டுதுங்கன்னு. பூனை அப்புறம் மாவு ஸ்டோருல குட்டி போட்டுக் கெடந்துச்சு, அது வேற. ஆனா தின்னிருக்கலாம்ல? பல்ல பாத்திருக்கீங்களா நீங்க?

படிங்க, மூணாவது வரிய படிங்க. இவை மனிதர் அல்ல, மிருகங்கள், மிருகத்தை மனிதர் குடியிருக்கும் லயத்தில் வைப்பது முறையல்ல. என் எழுத்துதான். சபாபதி அசந்துட்டாரு, வினிஃப்ரெட்டு நீ கிராணியா இருக்க வேண்டியவன்னு சொன்னாரு. அது எழுதி எட்டு மாசம் ஆவுது. அப்ப எனக்கு அஞ்சாம் மாசம்.

ஆமா சாமி. டொரத்தி. நீங்க புத்தகத்துல பாத்திருப்பீங்க. கோயில் உள்சொவத்துல மூணாவது வரிசை, சின்ன பொட்டி. ஞானஸ்நானம் வாங்கிட்டு செத்த புள்ளைங்க இருக்கற எடம். வாங்காததுங்களுக்கு வெளிச்சொவரு. அது இங்க வழக்கம், நீங்க இனிமே மாத்துனா மாத்துங்க.

காத்துக் கசிஞ்ச அன்னைக்கி. சங்கு ஊதுனா எல்லாக் கதவும் தானா அடைச்சிக்கும், கசிவு எங்கன்னு கண்டுபுடிச்சி அடைக்கிற வரைக்கும் தெறக்காது. ஏழு மணி நேரம் தெறக்கல. செபஸ்தியன் கப்பல் துறையில வேலை. பழைய சாமி, ரபேல் சாமி, பெர்மாஸ் ஜெயா பக்கம் பூசை வெக்கப் போயிட்டாரு. இது வழக்கம்போல மீன வெக்க வந்துச்சு. ஊதுன சத்தத்துல நான் பதறி விழுந்துட்டேன், அது உள்ள ஓடி வந்துச்சு, கதவு சாத்திக்கிச்சு. இந்த ஒரு ரூம்புக்குள்ள நானும் அதுவும்.

பயம் எனக்கு வலிய பாத்து இல்ல சாமி. அதப் பாத்து. ஏழாம் மாசம், வலி வந்துடுச்சு, விழுந்ததுல வலது தோளு எறங்கிப்போச்சு, இது என் காலு பக்கத்துல வந்து உக்காருது. போ, போன்னு கத்துறேன். போகல. எங்க போகும், கதவு அடைச்சிருக்கே. அதுதான் புள்ளைய வாங்குச்சு. கையக் கழுவிட்டு வந்து வாங்குச்சு, அத சொல்லணும். நக்கல, கிக்கல. துணியில சுத்தி என் எடது கையில வெச்சிச்சு.

ரெண்டு உள்ளங்கை அளவு புள்ள. நீலமா இருந்துச்சு. மூச்சு எப்பவோ ஒண்ணு, எப்பவோ ஒண்ணு. நமக்குத்தான் ஞானோபதேசத்துல சொல்லிக் குடுத்திருக்காங்களே, ஆபத்துல யாரு வேணா தண்ணி ஊத்தலாம்னு. நான் ஊத்தினேன்னுதான் ரபேல் சாமிகிட்ட சொன்னேன். அவரும் பாவம், அழுதுக்கிட்டே எழுதினாரு. தாய் ஊத்தியதுன்னு இருக்கும், பாருங்க.

எந்தக் கையால சாமி? இந்தக் கை தூக்க வராது. அந்தக் கையில புள்ள. எந்திரிக்க முடியல, பைப்பு அந்த மூலையில இருக்கு.

ஊத்துறவங்கதானே வார்த்தையையும் சொல்லணும்? அதான் நான் ஒண்ணொண்ணா சொன்னேன், அது திருப்பி சொல்லிச்சு. மங்குக் கிண்ணத்துல தண்ணி புடிச்சி, நெத்தியில மூணு தரம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி.  தண்ணி கண்ணுல படாம மத்தக் கைய மறைச்சிக்கிச்சு. அப்புறம் அரை மணி நேரம் புள்ள இருந்தா. கதவு தெறந்தப்ப அது வாலச் சுருட்டிக்கிட்டு அந்த நாற்காலிக்குப் பக்கத்துல தரையில கெடந்துச்சு. பொம்பளைங்க எல்லாம் ஓடி வந்து, ஐயோ இந்த மிருகத்தோட மாட்டிக்கிட்டியேன்னு என்னக் கட்டிப்புடிச்சி அழுதாங்க. நானும் வாய மூடிக்கிட்டேன். மனு எழுதினவளே நான், என்னத்த சொல்றது?

அதுவும் இன்னைக்கி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. எனக்கு அதுலயும் சந்தேகம்தான், ஏன் சொல்லலன்னு. வருது, உக்காருது, பாக்குது. இந்த ஆறு மாசமா நானும் வெரட்டல.

அதனாலதான் சாமி, மூணாவது வரிய மறுபடி படிச்சிப் பாருங்க. மிருகம்னு இருக்குல்ல. எரநூத்திப் பன்னெண்டு பேரு ஆமான்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க, நீங்க சாட்சி போடப் போறீங்க. அப்ப மிருகம் ஊத்துன தண்ணி, செல்லாது. அப்ப எம் புள்ளைய நாளைக்கி சொவத்துலேருந்து எடுத்து வெளிய வெப்பீங்களா?   நானே சொல்றேன். அவ மனுசி. எனக்கு அவளப் புடிக்கல, அந்த மூக்கப் பாத்தா இன்னைக்கும் கூசுது, ஆனா அவ மனுசிதான்.

இந்தத் தாள்ல மொத பேரு என்னோடது. அத அடிக்கணும். கோயில் புத்தகத்துலயும் தாய்னு இருக்கறத அடிச்சி, புஷ்பவள்ளின்னு எழுதணும். பேனா வெச்சிருக்கீங்களா சாமி?