ம் கொட்டு, பூபதி

“ஹலோ… ஹலோ, பூபதி… கேக்குதா? … ஆ, கேக்குது. அக்காதான். லைன் கட்டாயிருச்சு, வேறொண்ணுமில்ல. நான் எங்கயும் போகல… ஆமா… ஆமா சாமி, வந்துட்டிருக்கறாங்க. நீ போனைக் காதுகிட்டயே வெச்சுக்க. கீழ போட்டறாத.”

செல்வப்பிரியா தென்னந்தோப்பில் மோட்டார் ரூமின் தொட்டிச் சுவரோரமாக நின்றிருந்தாள். வேலந்தாவளத்துக்குச் சற்று மேற்கே இருந்த அந்தத் தோப்பில் அவள் போனுக்கு அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல் நிலையாக நிற்கும். ஓரடி நகர்ந்தாலும் குரல் உடைந்துவிடும் என்பதால் கால் மரத்துப்போன பிறகும் அவள் அசையவில்லை. இங்கே வெயில். நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மூணாறுக்கும் மறையூருக்கும் நடுவே, மழையும் மூடுபனியுமாக இருந்த ஒரு சரிவில் அவள் தம்பியின் பிக்கப் வண்டி கவிழ்ந்து கிடந்தது.

மூணாறு கடைகளில் தேங்காயை இறக்கிவிட்டு, மறையூரில் வெல்ல உருண்டை ஏற்றிவர வெறும் வண்டியோடு இறங்கிக்கொண்டிருந்தவன் பூபதிராஜா. எந்த வளைவில் வண்டி சறுக்கியது என்று அவனுக்கே தெரியவில்லை. இடது கால் மாட்டிக்கொண்டிருக்கிறது. தலையில் அடி. மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறது, அதனால் கத்த முடியவில்லை. முதல் அழைப்பில் அவன் சொன்னது இவ்வளவுதான். அவள் கணவன் தனபால் தன் போனிலிருந்து போலீஸுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாயிற்று. அவர்கள் வந்துசேர ஒரு மணி நேரமாவது ஆகும். தேங்காய்க் கடைக்காரர் கொடுத்த நம்பரில் எஸ்டேட் தொழிலாளி ஒருவர் கிடைத்தார், சுடலைமணி என்று பேர். பக்கத்துத் தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் கிளம்பிவிட்டார். அவர் போன் வரும்போதெல்லாம் தனபால் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

தூங்க விடாதீர்கள் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்லியிருந்தார்கள். என்ன ஆனாலும் தூங்க மட்டும் விடாதீர்கள்.

“சார்ஜ் எத்தன காட்டுது? … பதினொண்ணா? போதும், நெம்ப நேரம் வரும் … தூக்கம் வருதா? … இல்ல, இல்ல. கண்ண மூடாத. சித்த நேரங்கூட வேண்டாம்.”

பத்து நிமிடத்தில் தன்னிடமிருந்த பேச்சையெல்லாம் அவள் தீர்த்துவிட்டிருந்தாள். செனை மாட்டைப் பற்றிச் சொன்னாள். புது மோட்டாரைப் பற்றிச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அவனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டிய கொழிஞ்சாம்பாறை வீட்டைப் பற்றி, அந்தப் பெண்ணுக்கு இவனைவிட உயரம் அதிகமாம் என்பது வரைக்கும் சொன்னாள். இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்றானபோது அந்தக் கதை தானாக நாக்கில் வந்து நின்றது.

“பூபதி, அப்பன் சொல்ற உப்புப்பொதி மாட்டுக் கதை நெனப்பிருக்குதா? … அதேதான். கடலை ஆயறப்பச் சொல்லுவாரே. இப்ப நான் சொல்றேன். நீ ம் கொட்டு. அதுக்கு வாயத் தெறக்க வேண்டியதில்ல, விலாவும் வலிக்காது.”

அவர்கள் அப்பா சென்னியப்பன் பெரிய கதைசொல்லி ஒன்றும் இல்லை. நிலக்கடலை பிடுங்கிக் குவித்த நாட்களில், விளக்கு வெளிச்சத்தில் காய் ஆயும் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவார்கள். அதைத் தடுக்க அவரிடம் இருந்தது அந்த ஒரு கதைதான். ஒவ்வொரு வரிக்கும் ம் கொட்ட வேண்டும். கொட்டாத பிள்ளையின் முன்னால் இன்னும் ஒரு கை செடி வந்து விழும். பகலில் கேட்டால் மட்டும் சொல்லவே மாட்டார். பகலில் கதை சொன்னால் வழியில் போகிறவர்களுக்கு வழி தப்பும் என்பார்.

இப்போது மணி ஐந்தரை. ஓலைகளின் மேல் வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. அவள் தம்பியைத் தேடி மூன்று பேர் வழியில் இருந்தார்கள். செல்வப்பிரியா தயங்கினாள். பிறகு தொடங்கிவிட்டாள்.

“ஒரு ஊருல ஒரு அம்மாளுக்கு ஒத்தப் பையன் … சமத்து. அவங்க ஊட்டுல இருந்தது ஒரே ஒரு மாடு. அது முதுகுல ரெண்டு பக்கமும் உப்புப் பொதியக் கட்டி, மலைக்கு ஓட்டிட்டுப் போறான். எதுக்கு? உப்பக் குடுத்துத் தேனும் தெனையும் மாத்தி வாங்கியார … ஆ, அப்படித்தான். கொட்டீட்டே இரு.”

மலையடிவாரத்தில் தேன் எடுக்கிற பெண்ணொருத்தி அந்தப் பையனை நிறுத்தி எச்சரிப்பாள். மேலே ஏழு வளைவு இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் மூடுபனி வந்து உன் பக்கத்தில் உட்காரும். உன் அம்மாவின் குரலிலேயே, ‘தூங்கறயா சாமி?’ என்று கேட்கும். இல்லை என்று சொன்னால் வழிவிடும். சொல்லாதவனைக் கல்லாக்கிவிடும். மலைச்சரிவுகளில் ஆள் உயரத்துக்குக் கிடக்கிற பாறைகளெல்லாம் அப்படிப் பதில் சொல்லாமல் போனவர்கள்தான்.

இந்த இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எப்பேர்ப்பட்ட கதையை எடுத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் நடுவில் நிறுத்தினால் அந்த இடைவெளியில் அவன் தூங்கிவிடுவான். கதையை மாற்றவும் வழியில்லை. அவளுக்கு முழுசாகத் தெரிந்த கதை அது ஒன்றுதான்.

முதல் வளைவு வந்தது. இரண்டாவது வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ம் தவறாமல் வந்துகொண்டிருந்தது, பம்புசெட் தண்ணீர் தள்ளுவதுபோல ஒரே சீராக. கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தேகம் வந்தது. பூபதிக்குத் தூக்கத்திலேயே ம் கொட்ட வரும். ஆறேழு வயதில் ஒரு அறுவடைக் காலம் முழுக்க அப்பாவை அப்படி ஏமாற்றினான். தலை இவள் தோளில் சாய்ந்திருக்கும், கை நின்றுபோயிருக்கும், ம் மட்டும் அந்தந்த இடத்தில் விழும். கண்டுபிடித்தவள் இவள்தான். விழித்திருந்தால் கதையில் ஒரு சொல் மாறினாலும் அவனுக்குப் பொறுக்காது, சண்டைக்கு வந்துவிடுவான். தூங்கினால் எதற்கும் ம்தான்.

“அந்த மாடு இருக்குதே, செவலை மாடு, அது மூணாவது வளைவுல நின்னு … என்னது? … என்ன சொன்ன? … காரியா? காரி மாடா? … செரி, செரி, காரிதான், கருப்பு மாடுதான். செவலைன்னு எந்தக் கழுதை சொன்னது? நாந்தான் … சிரிக்காதடா, வலிக்கும்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தனபால் கிட்டே வந்து அவள் மறு காதில் மெதுவாகச் சொன்னான். சுடலைமணியின் ஆட்கள் அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டார்களாம். ஆனால் தவறான வளைவில் இறங்கிவிட்டு இப்போது மறுபடியும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறார்களாம். கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனியாம். பகலில் சொன்ன கதை என்று அவள் நெஞ்சுக்குள் ஒன்று சொன்னது. அதைக் கேட்காதவள்போல அவள் பையனை நாலாவது வளைவுக்கு ஓட்டிப்போனாள். கதையிலும் மழை பிடித்தது. பொதி நனைந்து உப்புக் கரைந்து மாட்டின் விலாவில் வழிந்தது.

“அப்புறம் அஞ்சாவது வளைவு. அதோட மலை முடிஞ்சுபோச்சு … அஞ்சுதான பூபதி? … அஞ்சோட முடிஞ்சுதா? …”

கேட்ட இரண்டு கேள்விக்கும் ம் வந்தது. சீராக, அந்தந்த இடத்தில்.

தொட்டிச் சுவரை அவள் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். இத்தனை நேரம் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்த அந்த ஒற்றைச் சத்தமே இப்போது அவளைப் பயமுறுத்தியது.

“பூபதி … பூபதி, ஏழுடா. ஏழு வளைவு. நான் தப்பாச் சொல்றேன், நீ பாட்டுக்கு ம்ங்கற … கண்ணத் தெற. அப்பன் வர்றாரு பாரு, செடிய அள்ளிப் போடப்போறாரு … பூபதி …”

இப்போது ம்கூட இல்லை. எங்கோ ஓடை விழும் இரைச்சல் மட்டும் லைனில் வந்துகொண்டிருந்தது. அவள் அவனைக் கண்ணு என்றாள், சாமி என்றாள், அம்மா செத்தபோது அவனுக்குத் தான் கொடுத்த வாக்கைச் சொன்னாள், சோம்பேறி நாயே என்று திட்டினாள். ஒன்றும் வரவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், அந்தக் கதைக்குச் செய்யக்கூடிய ஆகக் கெட்ட காரியத்தைச் செய்தாள்.

“செரி, கேட்டுக்க. அவன் அந்தக் காரி மாட்ட வித்துப்போட்டான். மலையிலயே. கசாப்புக்காரன் ஒருத்தன் வந்தான், கயித்தக் கையில குடுத்துட்டு இவன் ஊட்டுக்கு வந்துட்டான். அத்தோட கதை முடிஞ்சுது …”

ஓடையின் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து ஏதோ ஒன்று.

“என்ன? … கேக்கல, மறுக்காச் சொல்லு … விக்கலியா? … எனக்கென்ன தெரியும், வித்தான்னுதான் நான் கேட்டேன் … அப்ப என்னதான் பண்ணுனான்? நீ சொல்லு. எனக்கு மறந்துபோச்சு. ஏழாவது வளைவுல என்ன ஆச்சு? … ம் … ம் … மூடுபனி வந்து கேட்டுது. அவனுக்கு வாயத் தெறக்க முடியல … ம் … அப்ப யாரு பதில் சொன்னது? … மாடா? … ம் … மாடு அவனுக்காகக் கத்துச்சா … ம் …”

அவள் ம் கொட்டினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி, நடுநடுவே முனகி, அவன் சொல்லச் சொல்ல, கண்ணீர் தாடையில் வழிய ம் கொட்டிக்கொண்டே இருந்தாள். அந்தக் கதையை அவள் கேட்பது முப்பது வருஷத்தில் எத்தனையாவது தடவையோ, அடுத்த சொல் என்னவென்று தெரியாததுபோல் கேட்டாள்.

தனபால் தொட்டியைச் சுற்றி ஓடிவந்தான். சுடலைமணி சரியான இடத்துக்கு வந்துவிட்டார். சாலையோரக் கல் பெயர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார்கள். கீழே எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. காடாக முள் செடி, ஓடைச் சத்தத்தில் இவர்கள் கூப்பிடுவது அவனுக்குக் கேட்கவில்லை, அவனால் கத்தவும் முடியாது. அரை மணி நேரமாக அவன் நம்பருக்குப் போட்டுப் பார்க்கிறார்கள், பிசி, பிசி என்றே வருகிறது. போன் அடித்தால் போதும், சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நீ வைத்துவிடு என்றான்.

அவள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு முடியாது என்றாள். நான் பேசுவதால்தான் அவன் முழித்திருக்கிறான், வைத்தால் அந்த நொடியே தூங்கிவிடுவான் என்றாள். தனபால் வாதாடவில்லை. அங்கே இருட்டிக்கொண்டு வருகிறது என்று மட்டும் சொன்னான்.

“பூபதி … இருக்கறேன், இருக்கறேன். மாட்டுக்காரன் கதைய அப்புறம் பாக்கலாம். இதக் கேளு. உன்ற போன் சத்தமா அடிக்குமா, இல்ல சும்மா நடுங்குமா? … எப்பவும் அப்படித்தான் வெச்சிருப்பயா? … செரி, திட்டல. சைடுல நகத்துற பட்டன் ஒண்ணு இருக்குமல்லோ, அத வெரல்ல தடவிப் பாரு … கெடைக்கலியா? இன்னொரு பக்கம் பாரு … அதுதான். அதக் கடைசி வரைக்கும் கீழ தள்ளு, அப்பத்தான் சத்தமா அடிக்கும் … தள்ளீட்டயா? … ம்னு சொல்லாத. ம் கொட்டுனா நான் நம்ப மாட்டேன். வாயத் தெறந்து சொல்லு …”

அவன் சொன்னான். அவள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சார்ஜ் எத்தனை என்று கேட்டதற்கு வந்த பதிலை அவள் தனபாலிடம் விரலால் காட்டினாள். மூன்று விரல்.

“இப்பக் கவனமாக் கேளு. நான் வெக்கப்போறேன் … இல்ல … இல்ல சாமி, கேளு. ஆளுக உனக்கு நேரா மேல நிக்கறாங்க. நான் பேசீட்டே இருந்தா அவுங்க போட்ற போன் உனக்கு வராது. நான் வெச்சதும் அது அடிக்கும். நீ எடுக்காத … எடுக்கவே கூடாது, பூபதி. எடுத்தயின்னா சத்தம் நின்னுரும். அது பாட்டுக்கு அடிக்கட்டும். நின்னா மறுக்கா அடிக்கும். அடிக்க அடிக்க அவுங்க கிட்ட வருவாங்க. நீ எண்ணீட்டே இரு, எத்தன தடவ அடிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லோணும் … எப்பவா? பாத்தாச் சொல்லு. நான் அங்கதான வர்றேன், மாமா இப்பவே வண்டிய எடுத்துருவாரு …”

தனபால் ஏற்கனவே சாவியோடு நடந்துகொண்டிருந்தான். நடந்தபடியே சுடலைமணியிடம், இப்போது போடுங்கள், இப்போது போடுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனான்.

“தெரியுது … பயமா இருக்கும், தெரியுது … அப்படிச் சொல்லாதடா. வெக்காதேன்னு மட்டும் சொல்லாத … நான் இங்க நின்னு ஒண்ணும் பண்ண முடியாது. அவுங்களாலதான் முடியும் … பூபதி, என்ற கண்ணல்ல …”

அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். இத்தனை நேரத்தில் அவன் இவ்வளவு தெளிவாகப் பேசியதே இல்லை. அக்கா என்று தொடங்கியது அவளுக்குக் கேட்டது. மீதியைக் கேட்டால் வைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. போனைக் காதிலிருந்து எடுத்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, அவன் பேச்சின் நடுவிலேயே வைத்துவிட்டாள்.