சுரண்டிய புள்ளி

பள்ளிக்கூடம் காணாமலே வெள்ளவத்தையில் இரண்டு கடை போட்டவன் நான். என் காதுக்கு எதுவும் தப்பாது. மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு புதுத் தகப்பனும் அவனுடைய அக்காவும் நின்றார்கள்.

"பிறந்து பத்து நாள் பிள்ளைக்கு அஞ்சு மில்லி மருந்து. மருந்தோட வந்த இந்தச் சொட்டுக்குழாய் காணாது, பெரிசாத் தாங்கோ," என்றான் தகப்பன்.

மருந்துக்காரர் டொக்டரின் துண்டைப் பார்த்ததும் அவருக்கே போன் எடுத்துக் கேட்டுவிட்டுத் தகப்பனிடம் திரும்பினார். "தம்பி, இது புள்ளி அஞ்சு. அரை மில்லிதான். இன்னும் பருக்கேல்லயே?"

"இல்லை, இனித்தான்," என்றான் தகப்பன்.

"அப்ப துண்டில புள்ளி எங்கயடா?" என்றாள் அக்கா.

"இலையான் பறந்து வந்து இருந்த எச்சம் எண்டு நகத்தால சுரண்டிப்போட்டன், அக்கா."

"நாவூறு படாமல் பிள்ளையின்ர கன்னத்தில கறுத்த பொட்டு வைச்சிருக்கிறன். அதையும் சுரண்டிப்போடாத!"