காலி என்று காட்டிய ஞாயிறு

“ஒரே மேடையில ரெண்டு கல்யாணப் பொண்ணை எப்படி அண்ணே இருத்துவீங்க?”

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் இப்படிக் கேட்டதும் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். அவர் கல்யாண மண்டபம் நடத்துகிறவர் என்பது அடுத்த பேச்சிலேயே தெரிந்தது.

“வெப்சைட்டைப் பாத்து மண்டபம் பிடிக்க யாரு சொன்னா? அந்த ஞாயிறு நோட்டுல வேற ஆளுக்கு எழுதியாச்சு.”

“வெப்சைட்டுல காலின்னாக்கும் கிடந்தது. அமுக்கினேன், உறுதின்னு மெசேஜும் வந்துது. எம் மவளுக்க கார்டு முழுக்கக் கொடுத்து முடிச்சாச்சு.”

“அது மருமவன் செஞ்சு வச்சது. அவன் துபாய்க்குப் போய் மூணு வருசம். பிறகு அதை யாரும் தொறந்து பாக்கல்ல.”

“ஓணத்துக்கு ஓணம் போர்டுக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியுதில்லா?”

“ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும் தங்கச்சி.”

“பண்ணினேனே! அதுல கிடக்க நம்பர்ல வெள்ளறடை கோழிக்கடைக்காரன் எடுத்தான். நான்தான் தப்பா அமுக்கிட்டேன்னு நினைச்சு, உங்க வெப்சைட்டை நம்பினேன்.”

“சரி, அந்த வெப்சைட்டை அழிக்கச் சொல்லுதேன். போதுமா?”

அந்த அம்மா தன் போனை எடுத்து எதையோ அமுக்கினார். மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. போனை மண்டபக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இந்தா, அதே ஞாயிறு, திரும்பவும் உறுதின்னு வந்தாச்சு. இப்ப மூணாவதா ஒரு பொண்ணும் உண்டு.”

நெய்யாற்றின்கரைக்கு டிக்கெட் எடுத்திருந்த மண்டபக்காரர் அமரவிளையிலேயே எழுந்துவிட்டார். அந்த அம்மாவும் எழுந்தார்.

“நடங்க அண்ணே. அந்த நோட்டை நானும் ஒண்ணு பாக்கணும்.”