கால்வாயில் விழுந்த பெட்டிகள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் புதிய ஆளுநர் அவர்களே! அறத்தின் பக்கம் அமர்ந்து தீர்ப்பு வழங்கும் காழி அவர்களே! வெயிலையும் பொருட்படுத்தாமல் திரண்டிருக்கும் பஸ்ராவின் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் அமர்த்தியிருக்கும் தாய்மார்களே! சாயப்பட்டறை ஹைஸமின் பணிவான வணக்கம்.

அரண்மனைக் காவலர் ரஷீக், முந்தைய ஆளுநர் ஒப்படைத்த கருவூலப் பெட்டிகளைத் தொலைத்தார் என்பது வழக்கு. தொலைத்தாரா? தொலைத்தார்! எப்படித் தொலைத்தார் என்பதை மட்டும் சொல்லி அமர்கிறேன்.

பாக்தாதில் தளபதிகள் பதவிக்குப் பொருதினார்கள். ஒரு கலீஃபாவை இறக்கினார்கள், இன்னொருவரை ஏற்றினார்கள். அந்தச் சண்டைக்கு நம் படையையும் அழைத்துக்கொண்டார்கள். நகருக்குக் கதவு இருந்தது, காவல் இல்லை. பாலைக் கொள்ளையர் அறிந்தார்கள், வந்தார்கள். அன்றைய ஆளுநர் என்ன செய்தார்? பெட்டிகளை ரஷீக்கிடம் ஒப்படைத்துவிட்டு முதல் படகில் போனார்! சிரிக்காதீர்கள் ஐயா, அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

மிஞ்சியது லுபாபா என்ற படகுக்காரியின் பேரீச்சம்பழப் படகு ஒன்றே. பெட்டிகள் ஏறின; நாங்கள் கரையில் நின்றோம்.

"எங்க சனம் எதுல ஏறும்யா?" என்றாள் லுபாபா.

"இது கலீஃபாவோட சொத்தும்மா. தள்ளு படக!"

"எந்தக் கலீஃபா? நேத்து இருந்தவரா, இன்னைக்கு இருக்கறவரா?"

ரஷீக் வாளை உருவினார். அவள் கழியைக் கீழே போட்டாள்.

"வெட்டுங்க. அப்புறம் நீங்களே தள்ளிக்கிட்டுப் போங்க. கடல் உள்வாங்குது, கால்வாத் தண்ணி வடியுது. இன்னும் கொஞ்சத்துல சேறுதான்."

ரஷீக் திரும்பிப் பார்த்தார். சந்தைப் பக்கம் புகை; புகைக்கு முன்னே ஓடிவரும் பெண்கள். வாள் உறைக்குள் போனது. முதல் பெட்டியைத் தாமே தூக்கிக் கால்வாயில் எறிந்தார்.

"ஏறுங்கடா! என்ன வேடிக்க பாக்குறீங்க?"

ஏறிய எங்களை அக்கரையில் இறக்கிவிட்டு, இடமில்லாமல் நின்றுவிட்டவர்களை ஏற்ற லுபாபா மீண்டும் படகைத் திருப்பினாள்.

"வேணாம்மா, தண்ணி வத்திருச்சு" என்றார் ரஷீக்.

"அத அங்க நிக்கறவங்ககிட்ட வந்து சொல்லுங்க."

அவரும் ஏறிக்கொண்டார். நடுக் கால்வாயில் படகு சேற்றில் அமிழ்ந்தது, அம்புகள் பறந்தன. என்ன தாயே கேட்கிறீர்கள்? இல்லை, அவள் திரும்பவில்லை. தோளில் அம்போடு சேற்றில் ஊர்ந்து வந்தவர் இவர் ஒருவரே.

ஆளுநர் அவர்களே! பெட்டிகள் எங்கே என்று கேட்கிறீர்கள். பெட்டிகள் இருந்த இடத்தில் அமர்ந்து உயிர் பிழைத்தவர்களே, எழுந்து நில்லுங்கள்! அதோ, எழுகிறார்கள், அன்று வயிற்றில் இருந்த பிள்ளையை இடுப்பில் ஏந்தி ஒருத்தி எழுகிறாள். இவர்களில் யாரை அந்தப் படகிலிருந்து இறக்கியிருக்க வேண்டும்? பெயரைச் சொல்லுங்கள். பிறகு ரஷீக்கைத் தண்டியுங்கள்.

செவிகொடுத்த சான்றோர்க்கு நன்றி. உங்கள் அனைவர்மீதும் அமைதி நிலவுக!