ஆறாவது சுரத்தை இறக்காதீங்க

பிரசங்கத்தைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க. பாட்டைப் பத்தின கதை. இசை தெரியாதவங்க பயப்படாதீங்க... எனக்கும் தெரியாது!

நான் முன்னால இருந்த சபையில ஹெப்சிபான்னு ஒரு சகோதரி. பாடகர் குழுவுக்கு கீபோர்டு வாசிக்கிறவங்க. புருஷன் மாரடைப்புல திடீர்னு போயிட்டாரு. மூணு மாசம் வீட்டை விட்டு வெளிய வரல. பெரிய வெள்ளிப் பாட்டுப் பயிற்சிக்குத்தான் முதமுதலா வந்தாங்க.

மறுநாளே ரெண்டு அம்மாமார் என் வீட்டு வாசல்ல. "ஐயா, நேத்து பாட்டு நடுவுல ஹெப்சிபா சிரிக்கிறா! புருஷனைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல... அதுக்குள்ள சிரிப்பா? பெரிய வெள்ளிக்கு அவ வாசிக்க வேண்டாம்."

நான் என்ன செஞ்சேன்? தலையாட்டினேன். போதகர் நான்... தலையாட்டினேன்!

சாயங்காலம் அவங்ககிட்ட சொல்லிடலாம்னு கோயிலுக்குப் போறேன். அங்க வேற ஒரு சண்டை... நாலஞ்சு சுரத்தைச் சேத்து ஒண்ணா அமுக்குறாங்களே, அந்தக் 'கார்டு' பத்தி. குழுத்தலைவர் தவமணி சார் கையில பாட்டுத்தாள். "ஏம்மா, இது சிலுவைப் பாட்டு. ஏ மைனர், சோகமான கார்டு. அதுல எதுக்கு எஃப் ஷார்ப் சுரத்தைச் சேர்த்து வாசிக்கிற? பளிச்சுன்னு சிரிக்குது! ஒரு கட்டை கீழ இறக்கு. மைனர்னா எல்லாமே மைனரா இருக்கணும்."

"சார், இது மைனர் சிக்ஸ்த். மூணாவது சுரந்தான் இறங்கும். ஆறாவது, இந்த எஃப் ஷார்ப், மேலதான் நிக்கணும்."

"நான் சொல்றேன்ல... இறக்கும்மா!"

இறக்கி வாசிச்சாங்க. சோகம் கூடிச்சா? கூடல! இருந்த சோகமும் போச்சு. எனக்கே தெரிஞ்சுது.

"பாத்தீங்களா சார்? இப்ப இது எஃப் மேஜர் பக்கம் சாஞ்சிடுச்சு. இது வேற கார்டு."

மறுபடி அந்த ஒரு விரலை மேல ஏத்தி வாசிச்சாங்க... நெஞ்சைப் பிசைஞ்சுது. தவமணி சார் தாளை மடிச்சு வச்சிட்டாரு.

நான் பக்கத்துல போய் மெதுவாக் கேட்டேன். "நேத்து ஏம்மா சிரிச்சீங்க?"

"ஐயா... சரியா இந்த இடத்துலதான் குழுவுல நின்னு எங்க வீட்டுக்காரர் எப்பவும் ஒரு அடி முந்திப் பாடிடுவாரு. பாடிட்டுத் திருதிருன்னு முழிப்பாரு. நேத்தும் இந்த இடம் வந்துச்சு... ஒருத்தரும் முந்தல. எல்லாரும் சரியாப் பாடிட்டாங்க, ஐயா. அந்த முழி கண்ணு முன்னால வந்துச்சு... சிரிச்சிட்டேன்."

இந்தப் பொம்பளைகிட்டயா "வாசிக்க வேண்டாம்"னு சொல்ல வந்தேன்? எனக்கு வெக்கமாப் போச்சு. "பெரிய வெள்ளிக்கு நீங்கதாம்மா வாசிக்கணும்"னு சொல்லிட்டுத் திரும்பினேன்.

அன்பானவங்களே... அந்தச் சிரிப்பு துக்கத்துக்கு வெளிய இருந்தா வந்துச்சு? இல்ல... துக்கத்துக்கு உள்ள இருந்து வந்துச்சு! அதைப் புடிச்சு இறக்கினா, அந்தம்மாவோட துக்கம் கூடிடாது. அது அவங்க துக்கமாவே இருக்காது. நமக்காகப் போடுற வேஷமா ஆயிடும்.

நாளைக்கு நீங்க ஒரு துக்க வீட்டுக்குப் போவீங்க. தாலி இழந்தவ, பிள்ளையைப் பறிகொடுத்தவன்... யாராவது சட்டுன்னு சிரிப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக் கண்ணைக் காட்டாதீங்க. பக்கத்துல போய் உக்காருங்க. "என்ன ஞாபகம் வந்துச்சு?"ன்னு கேளுங்க... கேட்டுட்டு, அவங்களோட சேந்து நீங்களும் சிரிங்க.