வெங்காயத்துக்கு வாங்கிய கராம்பு எண்ணெய்

நெல்லியடியில் ஒரு கணவனும் மனைவியும் பஸ்ஸில் ஏறி எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். அவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. மடியில் ஒரு போத்தல். பஸ் முழுக்கக் கராம்பு எண்ணெய் மணம்.

"பல்லுக்கொதியோ அண்ணை?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

மனைவிதான் பதில் சொன்னார். "ஓம். ஆனா எண்ணெய் வெங்காயத்துக்கு. தாளெல்லாம் பங்கசு பிடிச்சு அழுகுது. சவுக்காரத் தண்ணியிலை கலந்து அடிக்கப் போறம்."

"இவருக்கும் ஒரு சொட்டு விடலாமே?"

"இவரும் கேட்டவர்தான். உப்புத்தண்ணியிலை கொப்பளிக்கச் சொன்னனான்."

"பாவமெல்லே தங்கச்சி!"

"அவருக்கு வேறை பல்லுக் கிடக்கு அண்ணை. எங்களுக்கு வெங்காயத் தோட்டம் உது ஒண்டுதான்."

கணவர் ஓமென்று தலையாட்டிவிட்டுப் போத்தல் மூடியை இன்னும் இறுக்கினார்.